உறைபனியும் மாரியும்: நுவரெலியாவில் இங்கிலாந்தை நட முயன்ற சாமுவேல் பேக்கர்

கல்முனைச் சந்தையில் மரக்கறிக் கடைகளின் முன்னால் நின்று பார்த்தால் இரண்டு குவியல்கள் தெரியும். ஒன்று கத்தரி, வெண்டி, பயிற்றை, பாவல், பூசணி என்று சுற்றுவட்டாரத்தில் விளைந்தவை. மற்றையது கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு என்று மலைநாட்டிலிருந்து லொறியில் வந்து இறங்கியவை. மலையில் அடைமழை பெய்தால், மண்சரிவில் பாதை அடைபட்டால், அல்லது தை மாதத்து இரவொன்றில் நுவரெலியாவில் துகள் உறைபனி விழுந்தால், அதன் தாக்கம் சில நாட்களில் இந்தக் கடற்கரை ஊரின் தராசிலும் தெரியும். உறைபனியை ஒருபோதும் கண்ணால் காணாத மருதமுனைப் பெண்ணும் சாய்ந்தமருதுப் பெண்ணும் அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள்.

அந்த மலைநாட்டு மரக்கறிகளின் கதையில் தவிர்க்க முடியாத பெயர் சாமுவேல் வைட் பேக்கர். நுவரெலியாவில் முதன்முதலாக மரக்கறி நட்டவர் அவரல்ல. ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் 1820களிலேயே அந்த இடத்தை வெள்ளையரின் ஓய்விடமாக்கத் தொடங்கியிருந்தார். ஆனால் ஓர் இங்கிலாந்துக் கிராமத்தை ஆள், மாடு, ஏர், விதையோடு பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நட்டுவிடலாம் என்று நம்பியவர் பேக்கர்தான். அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது, உடைந்த பிறகு அவர் எதைக் கற்றார் என்பது, வளவில் நாலு கத்தரிக் கன்று வைக்க நினைக்கும் நமக்கும் பயன்படும் கதை. இடம்பெயர்ந்து வேறொரு மண்ணில் மீண்டும் விதை போட வேண்டியிருந்தவர்களுக்கு அது இன்னும் நெருக்கமான கதை.

கரும்புப் பணத்தில் வளர்ந்த பிள்ளை

பேக்கர் 1821 ஜூன் 8ஆம் திகதி லண்டனில் பிறந்தார். குடும்பச் செல்வம் மொரீசியசிலும் ஜமேக்காவிலும் இருந்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. அடிமைகளின் உழைப்பில் திரண்ட செல்வம் அது. கடைக் கணக்கும் அலுவலக நாற்காலியும் அவருக்குப் பிடிக்கவில்லை. துப்பாக்கியும் காடும் பிடித்தன. 1843இல் ஹென்றியெட்டா மார்ட்டின் என்ற பெண்ணை மணந்தார். அதே குடும்பத்தில் அவருடைய தம்பி ஜோனும் மணம் முடித்தார். பிறகு குடும்பத் தோட்டத்தைப் பார்க்க மொரீசியஸ் போனார்கள். அங்கும் அவர் மனம் நிலைக்கவில்லை.

1840களின் நடுப்பகுதியில் அவர் இலங்கைக்கு வந்தது யானை வேட்டைக்காக. காடு காடாக அலைந்து சுட்டார். அந்நாளில் அதை வீரம் என்று கொண்டாடினார்கள். இன்று அந்தப் பக்கங்களைப் படிப்பவருக்கு எண்ணிக்கையே நெஞ்சை அடைக்கும். காடு தன் பங்குக்கு அவருக்குக் காய்ச்சலைக் கொடுத்தது. பிழைப்பாரா என்ற நிலையில், குளிர்ந்த காற்றுக்காக அவரை நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே, மலைகள் சூழ்ந்த ஒரு புல்வெளித் தட்டு. இரண்டு வாரத்தில் எழுந்து நடமாடினார்.

உடல் தேறியதும் கண்ணில் பட்டது அந்த இடத்தின் வெறுமை. இங்கிலாந்தைப் போன்ற குளிர், ஓடும் நீர், கறுத்த மண். ஆனால் பயிர் நிலம் மிகக் குறைவு. இங்கே ஏன் ஓர் ஆங்கிலக் கிராமம் இருக்கக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். ஊருக்குத் திரும்பி, தம்பியோடு சேர்ந்து திட்டம் போட்டார்.

காணி எப்படிக் கிடைத்தது

இந்த இடத்தில் நம் வாசகர்கள் ஒரு கணம் நிற்க வேண்டும். பேக்கர் சகோதரர்கள் 1,000 ஏக்கர் அளவு நிலத்தை ஏக்கருக்கு 20 சிலிங் என்ற விலையில் அரசாங்கத்திடம் வாங்கினார்கள். அந்த நிலம் அரசாங்கத்துக்கு எப்படி வந்தது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டு நிலத்தையும் தரிசு நிலத்தையும் முடிக்குரியதாகக் கருதியது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியவர், மாடு மேய்த்தவர், விறகு எடுத்தவர் கையில் ஏது பத்திரம்? பத்திரம் இல்லாததால் காணி இல்லை என்ற வாசகம் இந்தத் தீவுக்குப் புதிதல்ல. போருக்குப் பிறகு பிரதேச செயலக வாசலில் கோப்போடு நின்றவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

பேக்கர் தன் ஆட்களோடு கப்பலேறிய 1848ஆம் ஆண்டிலேதான் புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையில் கிளர்ச்சி எழுந்தது. ஆளுநர் டொரிங்டன் இராணுவச் சட்டத்தால் அதை அடக்கினார். ஒரு பக்கம் அடக்குமுறை, மறுபக்கம் மலிவு விலையில் காணி. இரண்டும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு கைகள்.

கப்பலில் வந்த கிராமம்

பண்ணை மேற்பார்வையாளரும் அவர் குடும்பமும், கொல்லர், குதிரைக்காரர், வேறு சில வேலையாட்கள். டர்ஹம் இனக் கறவை மாடு, உயர் இனச் செம்மறிக் கிடாக்கள், குதிரை, வேட்டை நாய்கள், ஏர், கலப்பை, விதை. இவ்வளவும் இங்கிலாந்திலிருந்து கொழும்புக்கு வந்தன. கொழும்பிலிருந்து மலை ஏறும்போதே விபத்துகள் தொடங்கின. மது மயக்கத்தில் வண்டியோட்டிய குதிரைக்காரர் வண்டியைக் குதிரைகளோடு பள்ளத்தில் இறக்கினார். அதை மீட்க அனுப்பிய யானையை அவரே விரட்டி ஓட்டிச் சாகடித்தார். அருமையாகக் கொண்டுவந்த கறவை மாடு மலை ஏறும் வழியிலேயே விழுந்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் காட்டை வெட்டினார்கள். வேரோடு மரங்களைப் பிடுங்கி, யானையைப் பூட்டி உழுதார்கள். ஓட்ஸும் உருளைக்கிழங்கும் போட்டார்கள். ஓட்ஸ் பச்சைப் பசேல் என்று எழுந்தது. இரவில் மரைகளும் காட்டுப் பன்றிகளும் இறங்கி அதைத் தின்றன. உருளைக்கிழங்கை மண்ணுக்குள்ளிருந்த புழு தின்றது. உழவு மாடுகள் நோயில் கூட்டமாக மடிந்தன. பார்ப்பதற்குக் கறுத்து வளமாகத் தெரிந்த மண் உண்மையில் பசளைச் சத்துக் குறைந்த மண் என்பது பயிர் வாடிய பிறகே விளங்கியது.

இவ்வளவு பணமும் ஆளும் இருந்தும் ஏன் தோற்றார்? ஒரு பெரிய காரணம், அவர் கொண்டுவந்த பொருட்களோடு கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றையும் கொண்டுவந்திருந்தார்: இங்கிலாந்தின் பயிர் நாட்காட்டி.

ஒரே பனி, வேறு நாட்கள்

இங்கிலாந்துத் தோட்டக்காரருக்கு ஆண்டில் இரண்டு நாட்கள் முக்கியம். வசந்தத்தில் கடைசியாக உறைபனி விழும் நாள், இலையுதிர்காலத்தில் முதலாவதாக விழும் நாள். இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களே பயிர்க் காலம். முதல் நாளுக்கு முன்னால் நட்டால் கன்று கருகும். இரண்டாவது நாளுக்குப் பின்னும் விட்டுவைத்தால் காய் கருகும். கோடைதான் பாதுகாப்பான பருவம்.

நுவரெலியாவில் அந்தக் கணக்கு அப்படியே புரண்டு கிடக்கிறது. அங்கே கோடை, குளிர்காலம் என்ற பிரிவு இல்லை. தென்மேற்குப் பருவமழை மே மாத இறுதியில் தொடங்கி, ஜூன், ஜூலையில் மலையைக் காற்றோடும் தூறலோடும் மூடிவிடும். இங்கிலாந்தில் செழிக்கும் அந்த மாதங்களில் இங்கே கிழங்கு அழுகும், இலை கருகல் நோய் பரவும். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மறுபடி மழை. அதற்குப் பின், தெளிந்த வானமும் இளவெயிலுமாக மனதுக்கு இதமான நாட்கள் வரும்போதுதான், டிசம்பர் இறுதி முதல் பெப்ரவரி வரையான இரவுகளில், உறைபனி காத்திருக்கும்.

அது ஏன் தெளிந்த இரவில் விழுகிறது என்பது விளங்கினால் பாதித் தோட்டம் தப்பிவிடும். முகில் இருக்கும் இரவில், பகலில் மண் வாங்கிய சூடு போர்வைக்குள் இருப்பதுபோல் தங்கும். முகில் இல்லாத, காற்று அசையாத, உலர்ந்த இரவில் அந்தச் சூடு வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டுப் பாத்தியில் நிற்கும் உருளைக்கிழங்கு தப்ப, கீழே பள்ளத்துப் பாத்தி காலையில் வெள்ளைப் பூச்சோடு நிற்கும். வெயில் ஏறியதும் இலை கறுத்துச் சுருளும். ஆக, நுவரெலியாவில் நாளைப் பார்த்தால் மட்டும் போதாது. இடத்தையும் பார்க்க வேண்டும்.

பேக்கர் இதையெல்லாம் இழந்துதான் படித்தார். ஆனால் படித்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மண்ணுக்கு எரு வேண்டும் என்று கண்டு மாட்டெருவைச் சேர்த்தார். வேலியும் காவலும் போட்டார். சில ஆண்டுகளில் பண்ணை நிலைத்தது. உருளைக்கிழங்கு விளைந்தது, மாடுகள் பெருகின. ஹோர்ட்டன் சமவெளியில் அவர் பெயரால் இன்றும் அழைக்கப்படும் பேக்கர் நீர்வீழ்ச்சி அந்த ஆண்டுகளின் அடையாளம். அந்த நாட்களிலேயே அவரும் ஹென்றியெட்டாவும் பிள்ளைகளைப் பறிகொடுத்த துயரையும் சுமந்தார்கள். 1855இல் உடல்நலம் குன்றி அவர்கள் இலங்கையை விட்டுப் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹென்றியெட்டா பிரான்சில் காய்ச்சலில் இறந்தார். தம்பி ஜோனின் குடும்பம் நுவரெலியாவிலேயே தங்கியது.

பேக்கர் விட்டுச் சென்ற மலையில் பின்னர் வந்த கதை அவருடையதல்ல. 1861இல் ஹக்கலவில் தாவரவியல் தோட்டம் உருவானது. பிற்காலத்தில் சீத்தா எலியவில் உருளைக்கிழங்கு ஆய்வு நடந்தது. அவற்றைவிடப் பெரிது, தமிழகத்திலிருந்து தோட்டத் தொழிலுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நுவரெலியா, கந்தப்பளை, இராகலைச் சரிவுகளில் கரட்டும் லீக்ஸும் நட்டு, பனி இரவுகளில் விழித்திருந்து வளர்த்த மரக்கறித் தொழில். கல்முனைச் சந்தைக்கு வரும் கரட்டில் அவர்களுடைய கையும் இருக்கிறது.

நம் பக்கமாக வந்த வேட்டைக்காரர்

நுவரெலியாவில் இருந்த ஆண்டுகளில் பேக்கர் ஊவா வழியாகக் கிழக்கே பலமுறை இறங்கினார். பதுளைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட புல்வெளிக் காடு அவருக்குப் பிடித்த வேட்டை நிலம். இன்றைய அம்பாறை மாவட்டத்தின் மேற்கெல்லையை ஒட்டிய நில்கல பக்கம் அதில் அடங்கும். அந்த வழியில் அவர் கண்டது யானைகளை மட்டுமல்ல. 1817-18 ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது எரிக்கப்பட்ட ஊர்கள், பாழான வயல்கள், உடைந்த குளங்கள். பயிரும் நீரும் அழிந்தால் சனம் எப்படி இல்லாமல் போகும் என்பதை அவர் தன் நூலில் எழுதினார். அதைச் செய்தது தன் அரசுதான் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

கிழக்குக் காடுகளில் யானை பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள் நம் முஸ்லிம் பணிக்கர்கள். அவர்களுடைய துணிவைப் பேக்கர் வியந்தார். உப்பும் கருவாடும் ஏற்றிய தவள மாடுகளோடு கடற்கரையிலிருந்து மலைக்கு ஏறி, பாக்கும் தானியமும் கொண்டு இறங்கிய முஸ்லிம் வணிகர்களும் அந்தக் காலத்தவர்களே. காற்று எப்போது திரும்பும், ஆறு எப்போது கடக்க முடியாமல் பெருகும் என்பதை அறிந்தவர்களால்தான் அந்தத் தொழில் நடந்தது. உள்ளூர் மனிதரின் காட்டறிவைப் பேக்கர் வேட்டைக்குப் பயன்படுத்தினார். அதே மனிதரிடம் பயிருக்கான நாளைக் கேட்டறிந்திருந்தால் முதலிரண்டு ஆண்டுகளின் இழப்பு குறைந்திருக்கும்.

இரவில் வந்த ஆறு

இலங்கையை விட்ட பின் பேக்கர் ஓரிடத்தில் இருக்கவில்லை. 1859இல் டான்யூப் ஆற்றங்கரையின் விடின் நகரில், அன்றைய உதுமானியப் பேரரசின் அடிமைச் சந்தையில் விற்பனைக்கு நிறுத்தப்பட்டிருந்த புளோரன்ஸ் என்ற இளம்பெண்ணை மீட்டுத் தன்னுடன் அழைத்துச் சென்றார். போரில் குடும்பத்தை இழந்து அகதியான பெண் அவர். பின்னாளில் அவரையே மணந்தார். இருவரும் 1861இல் நைல் நதியின் ஊற்றுக் கண்ணைத் தேடிப் புறப்பட்டார்கள்.

அந்த ஆண்டு ஜூன் மாதம், சூடானில் அட்பரா ஆற்றின் கரையில் கூடாரமடித்திருந்தார்கள். ஆறு என்று பெயர்தான். மணலும் இடையிடையே குட்டைகளும் மட்டும் கிடந்தன. 23ஆம் திகதி இரவு தூரத்தில் இடிபோல் ஓர் ஓசை கேட்டது. விடியும்போது அந்த வறண்ட மணல் மீது கரை புரளும் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் இருந்த இடத்தில் ஒரு துளி மழையும் இல்லை. தொலைவில் எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழை அந்த இரவில் வந்து சேர்ந்திருந்தது. எகிப்தின் வயல்களை அந்நாளில் வாழவைத்த வண்டலை எத்தியோப்பிய ஆறுகளே சுமந்து வந்தன என்பதை அவர் அங்கு உறுதி செய்துகொண்டார். ஆங்கில நாட்காட்டியோடு நுவரெலியாவுக்கு வந்தவர், ஒரு மண்ணுக்கு உரிய நாளை அதன் ஆற்றங்கரையில் படுத்திருந்து தெரிந்துகொண்ட கணம் அது.

1864 மார்ச் 14ஆம் திகதி இருவரும் அல்பேர்ட் ஏரியைக் கண்டார்கள். 1866இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. 1869 முதல் 1873 வரை எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயிலின் ஆணையில், அடிமை வணிகத்தை ஒழிக்கவும் மேல் நைலை எகிப்தோடு இணைக்கவும் படையோடு போனார். கொண்டகோரோவில் இறங்கியதும் படைவீரர்களைத் தோட்டம் போட வைத்தார். மழை ஏமாற்றியது, தானியம் போதவில்லை. பட்டினியைத் தீர்க்கப் பாரி மக்களின் தானியத்தைப் படைபலத்தால் எடுத்தார். அடிமைகளை விடுவிக்க வந்தவரின் துப்பாக்கி அந்த ஊராரின் களஞ்சியத்தை நோக்கியும் திரும்பியது. அவர் வாழ்வைப் போற்றி மட்டும் எழுதுவோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். களஞ்சியம் பறிபோன பக்கத்தில் நின்றவர்கள் அப்படித் தாண்டிப் போக முடியாது.

இறுதி ஆண்டுகளை இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கழித்தார். 1893 டிசம்பர் 30ஆம் திகதி இறந்தார்.

நம் கரையில் கன்றைக் கொல்லும் நாட்கள்

கல்முனையில் வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதே அரிது. உறைபனி இல்லை என்பதால் எந்த நாளும் நடலாம் என்று நினைத்தால், பேக்கர் செய்த அதே பிழையை நாம் மறுபக்கமாகச் செய்கிறோம். இங்கேயும் கன்றைக் கொல்லும் நாட்கள் உண்டு. அவை வேறு உருவத்தில் வருகின்றன.

முதலாவது மாரி. நமது ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரை கொட்டித் தீர்க்கிறது. கார்த்திகை, மார்கழியின் அடைமழையில் சிறு நாற்று அடித்து வீழ்த்தப்படும், பூ உதிரும், தக்காளியும் கொச்சிக்காயும் வேரழுகும். இரண்டாவது கச்சான். வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் அந்தக் காற்று ஈரமின்றிச் சூடாக வீசி, காலையில் ஊற்றிய நீரை மதியத்துக்குள் குடித்துவிடும். மூன்றாவது உவர். கடற்கரை மணலுக்குக் கீழே நன்னீர் ஒரு மெல்லிய படலமாக உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கோடையில் மோட்டார் போட்டு வேகமாக இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமிக்குப் பிறகு கிணறுகளை இறைத்து இறைத்துச் சுத்தம் செய்தபோது, பல இடங்களில் தண்ணீர் மேலும் உவர்த்துப் போனதற்கு இதுவே காரணம்.

ஆகவே நமக்கும் இரண்டு முக்கிய நாட்கள் உண்டு. முதல் மழை மண்ணை நனைக்கும் நாள், அடைமழை ஓயும் நாள். முதல் நாளைப் பிடித்து வெண்டி, பயிற்றை, பூசணி, சோளன், மரவள்ளி ஆகியவற்றை ஊன்றினால், பெருமழை வருமுன் அவை வேர் பிடித்துவிடும். தண்ணீர் தேங்காதபடி பாத்தியை உயர்த்திக் கட்ட வேண்டும். மழையைத் தாங்காத தக்காளி, கொச்சிக்காய், கத்தரி நாற்றுகளை மார்கழியில் கூரைத் தாழ்வாரத்திலோ கிடுகுப் பந்தலுக்குக் கீழோ வளர்த்து, தையில் மழை தணியும்போது வெளியே நட்டால், மண்ணில் மிஞ்சியிருக்கும் ஈரத்தில் அவை எழும்பி, கச்சான் தொடங்குமுன் காய்த்து முடியும். கச்சான் மாதங்களில் புதிதாகப் பெரிதாக எதையும் தொடங்காமல், முருங்கை, கீரை, நிழலில் வைத்த சில வாளிச் செடிகள் என்று சுருக்கிக்கொள்வது நல்லது. சருகால் மண்ணை மூடி, கிணற்றில் கையால் அள்ளி, மாலையில் ஊற்றலாம். மணலில் எருவும் நீரோடு இறங்கிப் போய்விடும் என்பதால், ஒரேயடியாகப் போடாமல் கூட்டெருவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்.

பிற ஊர்ப் பழமொழியையும் கவனமாகத்தான் எடுக்க வேண்டும். தமிழகத்தில் ஆடியில் விதைக்கச் சொல்வார்கள். அங்குள்ள மழைக்கு அது சரி. நம் கரையில் ஆடி என்பது கச்சான் உச்சமாக வீசும் மாதம். அதேபோல் ஹிஜ்ரி மாதங்கள் ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் முன்னே நகர்பவை. நோன்பும் பெருநாளும் அவற்றின்படி வரும், மழை வராது. அதனால்தான் பிறை பார்த்து நோன்பு பிடிக்கும் நம் விவசாயிகளும் விதைப்புக்கு ஐப்பசி, கார்த்திகை என்று தமிழ் மாதத்தைப் பிடித்தார்கள். இந்தக் கரையில் முஸ்லிம் வயலுக்கும் தமிழர் வயலுக்கும் போர் மூட்டிய பகை இருந்த காலத்திலும், விதைப்பு மாதம் ஒன்றாகவே இருந்தது.

இருப்போம் என்ற நம்பிக்கை

ரொறன்ரோவில் இருக்கும் நம் உறவுகள் இன்று பேக்கருக்கு எதிர்த்திசையில் அதே பாடத்தைப் படிக்கிறார்கள். அங்கே பங்குனியில் வீட்டுக்குள் சன்னலோரம் கத்தரி விதை போட்டு, மே மாதக் கடைசியில் விக்டோரியா தினம் கழிந்த பிறகே கன்றை வெளியே நடுகிறார்கள். ஒக்ரோபரில் முதல் உறைபனிக்கு முன் காயைப் பறித்துவிடுகிறார்கள். ஊரிலிருந்து விதை கொண்டுபோகலாம், நாளைக் கொண்டுபோக முடியாது என்பது அவர்களுக்கு முதலாண்டிலேயே விளங்கியிருக்கும். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் மணலுக்கு வந்த முஸ்லிம்களும், வன்னியில் ஊர் ஊராக நகர்ந்த தமிழர்களும், இந்தக் கரையிலேயே இரவோடிரவாக ஊர் மாறிய இரு சமூகத்தவரும் இதே பாடத்தை ஒன்றுமில்லாத கையோடு படித்தவர்கள்.

பேக்கர் தோற்றபோது அவருக்குப் பின்னால் பணமும் பத்திரமும் இருந்தன. அடுத்த போகமும் அந்தக் காணியில்தான் இருப்போம் என்ற உறுதி இருந்தது. நம்மில் பலருக்கு இல்லாமல் போனது அந்த உறுதிதான். தக்காளி காய்க்க மூன்று மாதம் வேண்டும். மூன்று மாதம் கழித்தும் இந்த வளவில் இருப்போமா என்று தெரியாத ஆண்டுகளில் யாரும் தக்காளி நடவில்லை. விரைவில் அறுக்கும் கீரையோடு நிறுத்திக்கொண்டார்கள். போர் ஓய்ந்த பின்னும் காணிப் பிணக்குகள் ஓயவில்லை. சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக அக்கரைப்பற்று நுரைச்சோலையில் கட்டிய 500 வீடுகள் கையளிக்கப்படாமல் நீண்ட காலம் காட்டுச் செடி மூடிக் கிடந்ததை இந்த மாவட்டம் பார்த்தது. கல்முனைக்குடியில் மாடி வீட்டில் குடியேறியவர்களுக்கு இருப்பது மண் அல்ல, தாழ்வாரத்து வாளிகள்.

ஆனாலும் 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டு விளைச்சல் விழுந்து, 2022இல் எரிபொருளும் இல்லாமல் மலைநாட்டு லொறிகள் குறைந்தபோது, கைகொடுத்தது வளவு முருங்கையும் வாளிக் கத்தரியும்தான். வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவித்ததும் அந்த ஆண்டுதான். விடுமுறை அறிவிக்கப்பட்டது ஜூனில். நம் கரையில் அது கச்சான் மாதம். கொழும்பில் எடுத்த முடிவுக்குக் கல்முனையின் நாள் தெரியாது. அது தெரிய வேண்டியது நமக்கு.

அதற்குப் பணம் வேண்டாம். பிள்ளையின் பழைய கொப்பியொன்று போதும். முதல் மழை எந்த நாளில் மண்ணை நனைத்தது, வளவில் தண்ணீர் எந்த நாளில் நின்றது, எந்த நாளில் வடிந்தது, கச்சான் எந்த நாளில் தொடங்கியது, கிணறு எந்த நாளில் உவர்த்தது, எந்த நாளில் நட்ட கன்று காய்த்தது என்று எழுதி வையுங்கள். பக்கத்து ஊர் மூத்தம்மாவிடமும் பாண்டிருப்பு அம்மாவிடமும் கேட்டுச் சேருங்கள். மூன்று நான்கு மாரி கழிந்தால், எந்தத் திணைக்களமும் தர முடியாத உங்கள் வளவின் நாட்காட்டி உங்கள் கையில் இருக்கும். காலநிலை மாறி மழை முன்பின்னாக வரும் இந்த ஆண்டுகளில் அது இன்னும் பெறுமதியானது. ஐப்பசியின் முதல் மழைக்கு முன்னால் அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தைத் தொடங்கிவிடுங்கள்.